தாலுகா தாலுகாவாகக் கர்நாடகம்: பெங்களூருத் தமிழர் தம் மாநிலத்தைத் தேடிப் பார்க்கும் முறை

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்துவிட்டால், பெங்களூருத் தமிழர் வீடுகளில் வியாழக்கிழமை இரவே பை கட்டியாகிவிடும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஊர்ந்து, அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் காத்துக் கிடந்து, ஓசூரைத் தாண்டிய பிறகுதான் ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பே நமக்கு வரும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்கள்கூட இதற்கு விலக்கல்ல. குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் கர்நாடகத்தில் இருக்க, அந்த மாநிலத்தில் நாம் பார்த்தது மைசூர் அரண்மனை, நந்தி மலை, உறவினர் வந்தால் அழைத்துச் செல்லும் பன்னேருகட்டா ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. அல்சூரில் பிறந்து வளர்ந்த நான், எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலாருக்கு முதன்முறையாகப் போனபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், "அதிகம் அறியப்படாத இடங்கள்" என்று கைப்பேசியில் தேடுவதை நிறுத்திவிடுங்கள். அப்படித் தேடிக் கிடைக்கும் பட்டியலில் இருப்பவை, ஞாயிறு காலை ஆறு மணிக்கே வண்டி நிறுத்த இடமில்லாமல் போய்விட்ட இடங்கள். அதற்குப் பதிலாக ஒரு தாலுகாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதையும் அந்தத் தாலுகாவுக்கே கொடுங்கள். தாலுகாத் தலைமையூர் என்றால் அங்கே ஒரு பேருந்து நிலையம், ஒரு தாலுகா அலுவலகம், ஒரு நீதிமன்றம், ஒரு விளைபொருள் மண்டி, வாரம் ஒரு நாள் கூடும் சந்தை, ஆண்டுக்கொரு தேர்த்திருவிழா ஆகியவை பெரும்பாலும் இருக்கும். மனிதர்கள் கூடும் இந்த இடங்களைச் சுற்றித்தான் நல்ல சாப்பாடும் இருக்கும். பழைய ஆவணங்களும் தாலுகாவாரியாகவே தொகுக்கப்பட்டிருப்பதால், படிப்பதற்கும் பயணம் போவதற்கும் ஒரே எல்லை அமைந்துவிடுகிறது.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

வெளியூருக்குப் போகும் முன் நகருக்குள்ளேயே ஒரு முற்பகலைச் செலவிட்டால், எதை எப்படிப் பார்ப்பது என்பதற்குக் கண் பழகிவிடும். தொம்மலூர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. உள்வாசல் நிலையருகே நின்று பார்த்தால், கருங்கல்லில் கிரந்தம் கலந்த தமிழ் எழுத்துகள் தெரியும். ஊரின் பெயர் அங்கே தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. அது இருந்த பகுதி இலைப்பாக்க நாடு எனப்படுகிறது. அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கோயிலுக்குக் கொடையளித்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. விண்ணமங்கலத்து ஏரியைச் சார்ந்த நிலக்கொடையை இன்னொன்று சொல்கிறது. தினமும் இந்திரா நகருக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்குள்ள பின்னமங்களா என்ற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

அங்கிருந்து மடிவாளம் சோமேசுவரர் கோயிலுக்குப் போனால், 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுத்ததைப் பேசுகிறது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்களூர் எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் சாலையிலிருந்து விலகி உள்ளே இருக்கும் பேகூரின் நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு பெங்களூருப் போரில் மாண்டவரைக் குறிப்பிடுகிறது. வெந்த அவரைக்காய் தந்த கிழவியின் கதையால்தான் இந்நகருக்குப் பெயர் வந்தது என்று பள்ளியில் படித்த நமக்கு, அந்தக் கதையில் வரும் ஹொய்சள அரசருக்கு முன்பே ஊரும் பெயரும் இருந்தன என்பதை அந்தக் கல் காட்டிவிடுகிறது.

இந்த மூன்று இடங்களில் பயணத்துக்கு வேண்டிய ஒரு கருவியும் கிடைக்கிறது. தமிழ்க் கல்வெட்டின் வகரம் கன்னடத்தில் பகரமாக நிற்கிறது. நம் பள்ளி அவர்களுக்கு ஹள்ளி. இலைப்பாக்கம் தேய்ந்து யலஹங்கா. ஊர்ப்பெயரின் ஈற்றைக் கவனித்தாலே என்ன இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். சந்திரா என்று முடிந்தால் அது பெரும்பாலும் சமுத்திரம், அதாவது ஒருகாலத்தில் பெரிய ஏரி இருந்த ஊர். கெரே என்றால் ஏரி, குண்டே என்றால் குட்டை, துர்கா என்றால் மலைக்கோட்டை, பேட்டை என்றால் வணிகர் தெரு. நிலப்படத்தில் ஏரியும் அதன் கரையும் தெரிந்தால், அங்கே நடுகல்லோ சிறு கோயிலோ இருக்க வாய்ப்பு அதிகம். ஏரி வெட்டியவர் கல்லில் எழுதாமல் விட்டதில்லை.

எங்கே படிப்பது

மைசூர் அரசின் தொல்லியல் துறையில் பணியாற்றிய பெஞ்சமின் லூயி ரைஸ், 1886 முதல் 1905 வரை எபிகிராஃபியா கர்நாடிகா என்ற பெயரில் பன்னிரண்டு கல்வெட்டுத் தொகுதிகள் வெளியிட்டார். ஒன்பதாம் தொகுதி பெங்களூரு மாவட்டம், பத்தாம் தொகுதி கோலார் மாவட்டம். இரண்டும் 1905இல் வந்தவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாலுகாவாரியாக, ஊர் ஊராக, கல் எங்கே நிற்கிறது என்ற குறிப்போடு தொகுத்திருக்கிறார்கள். தமிழ்க் கல்வெட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள் என்பது நமக்குப் பெரிய வசதி. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. போகப்போகும் தாலுகாவின் பக்கங்களை மட்டும் புரட்டி, ஒரே ஊரில் ஐந்தாறு கல்வெட்டுகள் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படிக் குவிந்திருந்தால், இன்று அது நூறு வீடுகள் உள்ள சிற்றூராக இருந்தாலும் ஒருகாலத்தில் பெரிய ஊராக இருந்திருக்கும். அங்கே போவது வீண்போகாது.

1909இல் தொடங்கப்பட்டு, இன்று பெங்களூரு நிருபதுங்கா சாலையில் இயங்கிவரும் மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கம், பெங்களூருப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன எழுத்துகள்கூட அந்தப் படங்களில் தெரிகின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் நிலப்படங்களை அதன் இணையத்தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். கைப்பேசி வரைபடம் கடைகளைக் காட்டும். இந்த நிலப்படம் பாறை, ஏரி, பாழடைந்த கோட்டை, கோயில் என்று நிலத்தைக் காட்டும். இந்தியத் தொல்லியல் துறையும் மாநிலத் தொல்லியல் துறையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியல்களை வைத்திருக்கின்றன. சுவாரசியமில்லாத பட்டியல்கள்தான், ஆனால் ஒரு தாலுகாவின் பெயரைத் தேடினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

புகழ்பெற்ற இடத்தின் பக்கத்து ஊரைப் பார்ப்பதும் ஒரு முறை. 2023இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஆகிய ஹொய்சளக் கோயில்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் கூட்டம் அங்கே பெருகிவிட்டது. மண்டியா மாவட்டத்துக் கிருஷ்ணராஜபேட்டை தாலுகாவில் மட்டுமே ஹொசஹொளலு, கிக்கேரி, கோவிந்தனஹள்ளி என்று மூன்று ஹொய்சளக் கோயில்கள் இருக்கின்றன. அங்கே நான் போன நாள்களில் என்னையும் பூசாரியையும் தவிர வேறு ஆள் இருந்ததில்லை. மேல்கோட்டைக்குப் போகிறவர்கள் புளியோதரை சாப்பிட்டுவிட்டு நேராகத் திரும்புகிறார்கள். இராமானுசரோடு தொடர்புடைய தொண்டனூர் அருகிலேயே இருக்கிறது. இன்று தொண்ணூர் என்று வழங்கும் அந்த ஊரைக் கல்வெட்டுகள் யாதவநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று குறிப்பிடுகின்றன. நம்பி நாராயணர் கோயிலும் மலைகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் ஏரியும் அங்கே உள்ளன.

பழைய சாலையில் போங்கள்

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட மைசூர் விரைவுச்சாலை பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா ஆகிய ஊர்கள் எல்லாவற்றுக்கும் வெளியே ஒதுங்கிப் போகிறது. ஒன்றரை மணி நேரத்தில் மைசூர் போகலாம் என்பது உண்மைதான். வழியில் ஓர் ஊரும் கண்ணில் படாது என்பதும் உண்மை. சர்வீஸ் சாலையில் இறங்கிப் பழைய சாலையைப் பிடித்தால் அதே தொலைவு ஒரு முழு நாளுக்குப் போதும்.

ராமநகரத்துப் பட்டுக்கூடு மார்க்கெட் ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்படுகிறது. காலையில் போனால், தட்டு தட்டாகக் கொட்டி வைத்த மஞ்சளும் வெள்ளையுமான கூடுகளுக்குள் நூற்பவர்கள் முழங்கை வரை கையை விட்டுக் கிளறி, ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பதைக் காணலாம். சென்னபட்டண மரப்பொம்மைகளை நெடுஞ்சாலைக் கடையில் வாங்குவதைவிட, ஊருக்குள் கடைசல் பட்டறை ஒன்றைத் தேடிப் போவது மேல். அவர்கள் ஆலெ மரம் என்று சொல்வது நம் வெட்பாலை. சுழலும் மரத்துண்டின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. அதன் மேல் தாழை மடலை ஒருமுறை வைத்து இழுத்ததும், மங்கிக் கிடந்த சிவப்பு கண்ணாடிபோல மின்னுகிறது. வெட்பாலையும் தாழையும் தெரிந்த நமக்கு, இவ்விரண்டும் ஒரு பொம்மையில் சேருவதைப் பார்க்க அந்தச் சந்து வரை போக வேண்டியிருந்தது.

மத்தூர் வடையின் பெயரில் பெங்களூரு முழுவதும் ஏதேதோ விற்கிறார்கள். ரவை, அரிசி மாவு, மைதா, வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்துத் தட்டையாகத் தட்டி, நிதானமான சூட்டில் பொரித்தெடுக்கும் அது, ஓரத்தில் முறுகியும் நடுவில் சற்றே மென்மையாகவும் இருக்க வேண்டும். மத்தூர் ஊருக்குள் சூடாகச் சாப்பிட்டுவிட்டால் மற்றவற்றைத் தொட மனம் வராது.

சாப்பாட்டுக்கடையைக் கண்டுபிடிப்பது

இந்த விஷயத்தில் நட்சத்திரக் குறிகளை நான் நம்புவதில்லை. நெடுஞ்சாலையோரம் நான்கரை நட்சத்திரம் வாங்கிய ஓர் உணவகத்தில் நாற்பது நிமிடம் காத்திருந்து, முந்தின நாள் மாவில் வார்த்த தோசையைத் தின்ற பிறகு வந்த தெளிவு இது. வழிப்போக்கர்களை நம்பி நடக்கும் கடைக்கு, நீங்கள் மறுபடி வர வேண்டிய தேவை இல்லை. தினமும் அதே ஆட்கள் வந்து சாப்பிடும் கடைக்குத்தான் ஒரு நாள் உப்பு கூடினாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, தினமும் வெளியே சாப்பிட்டே ஆகவேண்டியவர்கள் யார் என்று பாருங்கள்: தாலுகா அலுவலக எழுத்தர், வழக்கறிஞரின் குமாஸ்தா, மனு எழுதிக் கொடுப்பவர், மண்டியில் மூட்டை தூக்குபவர், பேருந்து நடத்துநர். மதியம் ஒன்றேகாலுக்கு நீதிமன்ற வாசலில் நின்று, அவர்கள் எந்தச் சந்துக்குள் நுழைகிறார்களோ அங்கே நுழைந்துவிடுங்கள். நடத்துநரிடம் நல்ல ஓட்டல் எது என்று கேட்டால் வெளியூர்க்காரருக்கு ஏற்றது என்று அவர் நினைக்கும் ஒன்றைக் காட்டுவார். நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

நேரம் தவறினால் எல்லாம் தவறும். தும்கூரை அடுத்த கியாதசந்திராவிலும் பிடதியிலும் தட்டு இட்லி காலையில் சாப்பிட வேண்டிய பண்டம். பத்து மணிக்கு மேல் அதில் பாதிச் சுவைதான் இருக்கும். மிலிட்டரி ஹோட்டலில் நல்லவை இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கடையை அடைக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை முன்கூட்டிப் போங்கள். பருவத்தையும் பார்க்க வேண்டும்: மார்கழி, தை மாதங்களில் மாகடிப் பக்கம் போனால் அவரைக்காய் மணம் சந்தையெங்கும் வீசும், ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பிதுக்கம்பருப்பு என்று சொல்வதைத்தான் இங்கே ஹிதிகபேளே என்கிறார்கள்.

களியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் அதை ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு, அதையே நகரத்துக் கடையில் முன்னூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். தாலுகா ஊர் மெஸ் ஒன்றில் சமையற்கட்டை ஒட்டிய மேசையில் உட்காருங்கள். கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவைக் கொட்டி, அண்டாவைக் காலால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பால் கிண்டுவார்கள்; வெந்ததும் ஈரப்படுத்திய பலகையில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உருட்டுவார்கள். கைக்கு எப்படிச் சுடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். சுடத்தான் சுடுகிறது என்று பதில் வந்தது. இலையில் வைக்கும்போது உருண்டையின் மேல் விரல் தடம் தெரியும். கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும்.

களிக்கு நாட்டுக்கோழிச் சாறு நல்ல துணைதான் என்றாலும், என் தேர்வு உப்புசாறு. கீரையையும் பயறையும் சேர்த்து வேகவைத்து, வடித்த நீரில் உப்பு மட்டும் சேர்த்துத் தருவார்கள். மிளகாய், பூண்டு, புளி வைத்து அரைத்த காரம் இலையோரத்தில் தனியாக வரும். வேண்டிய அளவு காரத்தை வேண்டியபோது கரைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அதே வடிநீரை மசாலா அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்து, வெந்த கீரையைத் தாளித்துப் பொரியலாக வைத்தால் அது பஸ்ஸாறு. பெங்களூருவில் நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஓட்டல்களிலேயே பழகியவர்கள், இந்த மாநிலத்தின் சமையல் என்றால் இனிப்புச் சாம்பார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தைப் போக்க ஒரு கரண்டி உப்புசாறு போதும்.

ஒரு நாள், ஒரு தாலுகா: முல்பாகல்

சொன்னதையெல்லாம் ஒரு நாளில் பொருத்திப் பார்க்க முல்பாகல் தாலுகா நல்ல தொடக்கம். பெங்களூருவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; கோலார் வழியாகச் சித்தூர், திருப்பதி செல்லும் பேருந்துகளில் கே.ஆர்.புரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு, 2023 ஜூன் முதல் சக்தித் திட்டத்தின்படி மாநிலத்துக்குள் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. நம் வீட்டுப் பெண்கள் பலர் இதை நகரப் பேருந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வழியில் கோலாரில் இறங்கி ஒரு மணி நேரம் செலவிடலாம். மேலைக் கங்கரின் முதல் தலைநகரான இவ்வூரின் பழைய பெயர் குவளாலம். சோழர் இப்பகுதியை நிகரிலிசோழ மண்டலம் என்று அழைத்தார்கள். கோலாரம்மன் கோயில் சுவர்களில் முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. அவற்றில் அம்மன் பெயர் பிடாரியார். நம் ஊர் எல்லைப் பிடாரிக்கு அரசன் கற்றளி எடுத்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து பார்ப்பதும், தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போவதும் வேறு வேறு. உள்ளேயே தேள்களின் தெய்வமான சேளம்மாவுக்கும் சந்நிதி உண்டு. நான் முதன்முறை போனபோது பிற்பகல் ஒன்றரை மணி, கதவு பூட்டியிருந்தது. பூட்டின் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஆகவே கோயிலெல்லாம் முற்பகலில்.

முல்பாகலில் இறங்கியதும் தோசை. தடிமனாக வார்த்து, தாராளமாக நெய் விட்டு, அடிப்பக்கம் செம்பழுப்பாக முறுகும்வரை விட்டெடுக்கும் முல்பாகல் தோசை, பிய்த்தால் உள்ளே பஞ்சுபோல இருக்கும். ஒன்று போதும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் ஆவணி மலையில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆவணி, முல்பாகலிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர். ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் அங்கே காலி ஆட்டோ நிற்காது. ஒரே மதிலுக்குள் இராமர், இலட்சுமணர், பரதர், சத்துருக்கனர் பெயர்களில் சிவன் கோயில்கள். நுளம்ப அரசர் காலத்தவை, பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. இலட்சுமணேசுவரர் கோயிலில் விளக்கை மேலே பிடித்துப் பாருங்கள்: விதானத்தில் எண்திசைக் காவலர் சூழ உமையும் மகேசுவரரும். இங்கே நாற்பது ஆண்டுகள் மடத்தலைவராக இருந்த துறவி ஒருவர் ஐம்பது கோயில்களும் இரண்டு பெரிய ஏரிகளும் எடுப்பித்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. வெளியே வந்து பார்த்தால் பாறைகளுக்கிடையே சிறு சிறு கோயில்கள் கிடப்பதன் காரணம் புரியும். லவனும் குசனும் பிறந்த இடம் என்பது ஊர் நம்பிக்கை. மலைமேல் சீதை கோயில் இருக்கிறது. வெயிலுக்கு முன் ஏறி இறங்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

குருடுமலை மறுபக்கம், முல்பாகலிலிருந்து பத்துக் கிலோமீட்டர். பதின்மூன்று அடிக்கு மேல் உயரமுள்ள ஒற்றைக்கல் பிள்ளையாரைப் பார்க்க வருகிறவர்கள் அவரோடு திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் சோமேசுவரர் கோயில் அதைவிடப் பழையது, அமைதியானது. புகழ்பெற்ற சிற்பி ஜக்கணாச்சாரி பாதியும் அவர் மகன் டங்கணன் பாதியும் கட்டியதாக ஊரார் சொல்லி, வேலைப்பாட்டின் வேறுபாட்டைக் கைநீட்டிக் காட்டுவார்கள். கதை எப்படியிருந்தாலும், அவர்கள் காட்டும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது.

பேச்சும் சாவியும்

கோலார் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் புரியும். இருந்தாலும் முதல் வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்குங்கள். அதன் பிறகு எதிரில் இருப்பவரே தமிழுக்கு மாறினால் மாறட்டும். "ஹளே தேவஸ்தான எல்லிதே?", "பூஜாரி மனெ எல்லி?", "வீரகல்லு இதியா?" (பழைய கோயில் எங்கே, பூசாரி வீடு எங்கே, நடுகல் இருக்கிறதா) என்ற மூன்று கேள்விகள் தெரிந்தால் பாதி வேலை முடியும். சிற்றூர்க் கோயில்கள் காலைப் பூசை முடிந்ததும் பூட்டப்படும். சாவி பூசாரி வீட்டில் இருக்கும். வீட்டு வாசலில் நின்று, பெங்களூருவிலிருந்து கோயில் பார்ப்பதற்காகவே வந்திருக்கிறோம் என்று சொன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கூட கைகழுவிவிட்டு வந்து திறந்துவிட்டதுண்டு. தட்டில் ஐம்பதோ நூறோ வையுங்கள். அதற்குச் சில்லறை கையில் இருக்க வேண்டும். கருவறையைப் படம் எடுக்காதீர்கள். எழுத்து தெரியவில்லை என்பதற்காகக் கல்வெட்டில் சுண்ணாம்புக்கட்டி தேய்க்கக் கூடாது. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தானாகவே எழும்பித் தெரியும்.

வாரச்சந்தை எந்தக் கிழமை என்பதை முந்தின பயணத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். திருவிழாக்களுக்கும் அப்படியே. கரகம் என்றால் நமக்குத் தெரிந்தது கன்னடச் சைத்திர மாதப் பௌர்ணமிக்குத் தர்மராயர் கோயிலிலிருந்து கிளம்பும் பெங்களூருக் கரகம் மட்டுமே. ஹொசகோட்டை, ஆனேக்கல், மாலூர் போன்ற ஊர்களிலும் கரகம் உண்டு, அங்கே நெரிசலில் மிதிபடாமல் பார்க்கலாம்.

மாரிக்குப்பம் வண்டி

தமிழர்களுக்கு இன்னும் ஓர் ஊரைச் சொல்லியாக வேண்டும். பங்காருபேட்டையில் கிளை பிரிந்து கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் முடியும் ரயில் பாதையில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெட்டிக்குள் பேச்சு முழுவதும் தமிழ். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கி, சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குத் தோண்டிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. சுரங்க வளாகங்களுக்குள் அனுமதி இல்லை. தாண்டிக் குதித்துப் போகவும் வேண்டாம், கட்டடங்கள் உறுதியாக இல்லை. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைத் தெருக்களில் நடந்தாலே தொழிலாளர் வரிசை வீடுகளும், தாளிக்கும் மணமும், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்து தூரத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும் சயனைடு மலைகளும் தெரியும். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் யாராவது திண்ணையில் இருந்தால் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். லிஃப்ட்டில் இறங்கும்போது காது அடைப்பதில் தொடங்கி நிதானமாகச் சொல்வார்கள். திரும்பும்போது பங்காருபேட்டையில் இறங்கி, தண்ணீர் போலத் தெளிந்திருந்தும் உறைப்பு தலைக்கேறும் அவ்வூர்ப் பானிபூரியைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம்.

வண்டியில் உட்கார்ந்ததும் அன்றைய குறிப்பை எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதுவோம் என்றால் எழுதமாட்டோம். கோயில் திறக்கும் நேரம், சந்தைக் கிழமை, மெஸ்ஸில் என்ன எத்தனை மணிக்குத் தீர்ந்தது, ஆட்டோவுக்குக் கொடுத்தது எவ்வளவு. என் நோட்டில் ஆவணிப் பக்கத்தின் கடைசி வரி: "பூசாரி வீடு பால் சங்கத்துக்கு எதிர்ச்சந்து, நீலக் கதவு, நாய் கட்டியிருக்காது."